மொதல்ல மூடு, அப்பால தொற

எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்தாலும் சிஸ்டம்காரர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கதவ சாத்திக்கினு வா." வணக்கம் சொல்லி நுழைகிற கப்பல் ஏஜென்டிடமும் அதுதான், டீ கொண்டு வருகிற பெண்ணிடமும் அதுதான். சாத்திய பிறகு கழுத்தை நீட்டி ஒரு தடவை பார்ப்பார். தாழ் விழுந்திருந்தால்தான் "சொல்லு, இன்னா விசயம்" என்பார்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே கடலோரச் சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டு அது. துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளும் அங்கிருந்து வரும் பெட்டிகளும் எங்களிடம் தங்கிப் போகும். நான் டாக்குமென்ட் பிரிவில் இருந்தேன். அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். டிரைவர்களிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டம்காரர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அவர் அண்ணா.

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். இளவயதில் அந்தப் பகுதி ஃபுட்பால் டீமில் கோல்கீப்பராக இருந்தாராம். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவது அந்தச் சத்தத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். பேப்பர் வைக்கிற அலமாரி, பழைய மானிட்டர் வைக்கிற அலமாரி, தண்ணீர் கேன் வைக்கிற மூலை எல்லாவற்றுக்கும் பூட்டு.

இன்டர்நெட்டும் அப்படித்தான். எங்கள் கம்ப்யூட்டர்களில் எதுவும் திறக்காது. துறைமுகத்தின் வெப்சைட்டைப் பார்க்கவேண்டும் என்றால்கூட அவரிடம் போய் நிற்கவேண்டும். "இன்னாத்துக்கு?" என்பார். காரணம் சொன்னால் திறந்துவிடுவார். சாயங்காலம் போகும்போது மறக்காமல் மூடிவிட்டுப் போவார். மறுநாள் மறுபடியும் நிற்கவேண்டும்.

"அண்ணா, தினமும் வேண்டியதுதானே. அப்படியே விட்டுடுங்களேன்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மொதல்ல மூடு, அப்பால தொற. அதான் நம்ம கணக்கு. தொறந்து வுட்டுட்டு அப்பால மூடலாம்னு நெனச்சவன்லாம் எங்க போனான் தெரியுமா?" என்றார். எங்கே போனார்கள் என்று சொல்லவில்லை.

அவருடைய கணக்கு தப்பில்லை என்று நாங்கள் நம்ப ஒரு காரணமும் இருந்தது. ஒரு சமயம் ஒரு வைரஸ் வந்து, பக்கத்து யார்டில் இருந்த மெஷின்கள் எல்லாம் படுத்துவிட்டன. வண்டிகளை உள்ளே வெளியே விடுகிற கேட் பாஸை அவர்கள் கையால் எழுதிக்கொண்டு திண்டாடினார்கள். எங்கள் யார்டில் ஒரு மெஷினும் நிற்கவில்லை. மேனேஜர் எல்லோர் முன்பாகவும் அவர் தோளைத் தட்டினார். அவர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார்.

எனக்கும் அவர் ஒரு நன்மை செய்திருக்கிறார். டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஆள் ஒருவன் அலுவலக நம்பருக்கு போன் செய்து என்னிடம் அசிங்கமாகப் பேச ஆரம்பித்தான். பஸ் ஸ்டாப்பிலும் வந்து நின்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவே, கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்பதுபோலக் கால்களை அகட்டி நின்றார். பஸ் வந்து நான் ஏறிய பிறகுதான் போனார். சில நாள் இப்படி நின்றதும் அந்த ஆள் வருவதை நிறுத்திவிட்டான்.

"விம்கோ நகர்ல எறங்கி வூட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் வுடு" என்று சொல்லியிருந்தார். விட்டேன். அந்த ஆள் காணாமல் போன பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் மறந்துவிட்டேன். அவரே போன் செய்தார். "எங்க கீற? ஏன் லேட்டு? யார் கூட கீற?" என் அம்மா பக்கத்தில் நின்று யாரது என்று கேட்டாள்.

அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. மனைவி எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பெண், மீன்பிடிக்கிற குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சம்மதமில்லாமல் செய்துகொண்ட கல்யாணம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். அவர் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

என் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு கட்டடம், இரண்டாவது மாடி. கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்கியது. யாரும் இல்லை என்று திரும்பப் போனபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யாரும்மா? அவுரு ஆபீசா?"

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். தலை குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தார். கொஞ்சம் சிரித்த முகம்.

"அவுரு புளியந்தோப்புக்குக் கறி வாங்கப் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

"பூட்டிட்டா போனாரு?"

"பழக்கம்" என்றார்.

பத்திரிகையைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டார். வெயிலில் வந்திருக்கிறேனே என்று தண்ணீர் கொண்டுவந்தார். சொம்பு கம்பிக்குள் நுழையவில்லை. டம்ளரும் நுழையவில்லை. திரும்பிப் போய் ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கழுவி, அதில் ஊற்றி நீட்டினார். நான் குடிக்கும்போது அவரே பேசினார்.

"மொத வருஷம் நான்தாம்மா பூட்டச் சொன்னேன். எங்க அண்ணனுங்க வந்து தூக்கினு போயிருவானுங்கன்னு பயம். அவனுங்களும் ரெண்டு தபா வந்தானுங்க. பூட்டப் பாத்துட்டு ஆள் இல்லன்னு போய்ட்டானுங்க. நான் உள்ள வாயப் பொத்திக்கினு உக்காந்திருந்தேன். இப்ப யாரும் வர்றதில்ல. எல்லாம் ஆறிப் போச்சு."

"அப்போ இப்பவும் ஏன்?"

"கேட்டா, இருக்கட்டுமேன்றாரு" என்றார்.

படியிறங்கும்போது அவர் எதிரே வந்தார், கையில் கறிப்பையோடு. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டு மேலே கூப்பிட்டார், சாப்பிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அந்தப் பூட்டு திறப்பதை நின்று பார்க்க மனம் வரவில்லை. வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

ஃபயர்வால் கெட்டுப்போனது அதற்கு அடுத்த வருடம். ஃபயர்வால் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரு சின்ன இரும்புப் பெட்டி. இன்டர்நெட் வழியாக எது உள்ளே வந்தாலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்று அவர் அதில் விதிகள் போட்டு வைத்திருந்தார். எண்ணூர் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசியும் சேர்ந்து அந்தப் பெட்டியை உள்ளுக்குள் அரித்துவிட்டன.

அவர் புதுப் பெட்டி கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு பெரிய சர்வர் வாங்கியிருந்தது. அதில் ஹைப்பர்வைசர் என்று ஒன்றை ஏற்றியிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "ஒரே வூடு, உள்ள நாலு குடித்தனம் மாதிரிமா. மெஷின் ஒண்ணுதான். ஆனா அதுக்குள்ள கேட் பாஸுக்கு ஒரு மெஷினு, மெயிலுக்கு ஒரு மெஷினு, கணக்குக்கு ஒண்ணு. ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இல்ல. இப்ப ஃபயர்வாலையும் அதுலயே குடி வெக்கப் போறேன். பொட்டியே கெடையாது. வெறும் ஃபைலு. எறக்கி வெச்சா நின்னுக்கினு காவல் காக்கும். உப்பு அரிக்க அங்க இன்னா கீது?"

அவர் அவ்வளவு உற்சாகமாகப் பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். வண்டிகள் குறைவாக வரும் நாள். மாற்றம் முடிந்ததும் கேட் பாஸ் சரியாக வருகிறதா என்று பார்க்க என்னை வரச் சொன்னார்கள். காலையில் போனபோது அலுவலகத்தில் அவரும் வாட்ச்மேனும் மட்டும் இருந்தார்கள். என்னை சர்வர் ரூமுக்குள் கூப்பிட்டார் அண்ணா. "கதவ சாத்திக்கினு வா."

அது கண்ணாடிக் கதவு. காந்தப் பூட்டு. கார்டைக் காட்டினால்தான் திறக்கும். மற்ற இடங்களில் உள்ளிருந்து வெளியே போக ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தானை அவர் கழற்றிவிட்டு உள்ளேயும் கார்டு வைத்திருந்தார். உள்ளே வந்தவன் எப்போது வெளியே போனான் என்றும் தெரியவேண்டுமாம். கார்டைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் கதவு சர்வரைக் கேட்கும். சர்வர் சரி என்றால் திறக்கும்.

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஃபைலை ஏற்றினார். அந்தப் புது ஃபயர்வாலுக்கு ஒரு கால் வெளிப்பக்கம், ஒரு கால் உள்பக்கம் என்று இணைப்புக் கொடுத்தார். அது எழுந்து நின்று பெயர் கேட்டது. பெயர் வைத்தார். பிறகு, சர்வரையே நிர்வகிக்கிற வழியையும் ஃபயர்வாலுக்குப் பின்னால் தள்ளினார். "இனிமே இந்த மெஷின எவனும் தொட முடியாது" என்றார். கடைசியாக ஒரு விதி: எல்லாவற்றையும் மூடு. அதை அழுத்தினார்.

திரை அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் தொடர்பு போய்விட்டது என்று வந்தது.

அவர் மறுபடி தட்டினார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். பிறகு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"என் லேப்டாப்புக்கு வழி வுடறதுக்கு முன்னாடியே மூடிட்டேன்மா. ஃபயர்வால தொறக்கணும்னா மெஷினுக்குள்ள போவணும். மெஷினுக்குள்ள போவணும்னா ஃபயர்வால் வுடணும்."

"இப்ப என்ன பண்றது?"

"மெஷின்லயே மானிட்டரும் கீபோர்டும் சொருகுனா போதும். சரி பண்ணிரலாம்." எழுந்து போய்க் கார்டைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினார். மறுபடியும் சிவப்பு. கதவு கேட்கவேண்டிய சர்வரோடு கதவால் பேச முடியவில்லை. மானிட்டர் வெளியே அவருடைய அலமாரியில் இருந்தது, பூட்டு போட்டு. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

கண்ணாடியைத் தட்டி வாட்ச்மேனைக் கூப்பிட்டோம். கதவுக்கு வெளியே, மேல்கூரைப் பலகைக்கு மேலே காந்தத்துக்குப் போகிற ஒயர் இருந்தது. பிடுங்கினால் கதவு திறந்துவிடும். வாட்ச்மேன் மேசையை இழுத்துப் போட்டு ஏறத் தயாரானார்.

"ஒயர்ல கைய வெக்காத. இரு, நான் பாத்துக்கறேன்" என்று உள்ளிருந்து கத்தினார் அண்ணா. என்ன பார்ப்பார் என்று எனக்கு விளங்கவில்லை. ஏ.சி. காற்று எலும்பில் இறங்கியது. கேட் பாஸ் நின்றுபோனதால் வெளியே கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையிலேயே நிற்க ஆரம்பித்தன. ஹாரன் சத்தம் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. அந்த அறையில் கதவோர மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மனைவி.

"அம்மாக்கு ரொம்ப முடியலயாம். மூச்சு இஸ்துக்கினு கீதாம். பெரியண்ணன் வந்து வெளிய நிக்குது. நீ எங்க கீற? சீக்கிரம் வா."

அவர் போன்மேல் குனிந்தார். "யாரு நிக்கறது?"

"எங்க அண்ணன்தான். ஆட்டோ எட்டாந்திருக்கு."

"கூட யாரு?"

"யாரும் இல்லய்யா! அம்மா சாவக் கெடக்குதுன்றேன், நீ கூட யாருன்ற!"

"நான் வந்துர்றேன். நீ ஜன்னலாண்ட போவாத. நான் வர்றவரைக்கும்..." நிறுத்தினார். தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

"அண்ணா, வீட்டுச் சாவியைக் கதவுக்கு அடியில தள்ளுங்க. வாட்ச்மேன் வண்டில போயிடுவாரு" என்றேன். கதவடியில் தூசி வராமல் இருக்க அவர் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை நான் நகத்தால் பிய்த்துக்கொண்டே சொன்னேன். வாட்ச்மேன் குனிந்து கையை நீட்டினார்.

கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் கைலயா?" என்று என்னைக் கேட்டார்.

வாட்ச்மேன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார்; அவர் காதில் விழுந்திருக்காது. போனில் விழுந்துவிட்டது. பிறகு அவர் மனைவி பேசினார். இவரிடம் இல்லை. கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னதுபோலக் கேட்டது.

"அண்ணே, பூட்ட ஒடை."

இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஒடைக்காத! சொல்லு அவன்ட்ட, ஒடைக்க வேணாம்! நான் வந்துர்றேன்! இதோ சாவி!" ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் குலுங்கியது. ஏதோ உடைந்து தரையில் விழுந்தது. கதவு சுவரில் போய் மோதியது. பிறகு காலடிச் சத்தம். போனை யாரும் அணைக்கவில்லை. திறந்துகிடந்த வீட்டின் ஃபேன் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நான் வாட்ச்மேனைப் பார்த்து ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். அண்ணா தடுக்கவில்லை. டக் என்று கதவு விட்டது. நான் வெளியே வந்துவிட்டேன். அவர் உடனே வரவில்லை.

பிறகு வந்தவர் மானிட்டர் அலமாரிப் பக்கம் போகாமல் நேராகச் சாலைக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். கேட்டிலிருந்து கண்ணுக்கு எட்டியவரை டிரெய்லர்கள். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு ஒரு சைக்கிள் போக வழியில்லை. டிரைவர்கள் கீழே இறங்கி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். வியாசர்பாடிக்குப் போக ஆட்டோ தேடினார். எந்த ஆட்டோ வரும்? "அவங்க எப்படியும் இந்த வழியாத்தானே குப்பத்துக்கு வரணும்?" என்றேன். அது அவருக்குத் தோன்றவே இல்லை. கேட் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வெயில் ஏறிய பிறகு அவர்கள் வந்தார்கள். ஆட்டோவை எங்கோ விட்டுவிட்டு டிரெய்லர்களுக்கு நடுவே நடந்து வந்தார்கள். முன்னால் அந்தப் பெரியண்ணன், லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரிய உருவம். பின்னால் அவர் மனைவி, வீட்டில் கட்டியிருந்த சேலையோடு, செருப்பில்லாமல். தார் சுட்டிருக்கவேண்டும், டிரெய்லர்களின் நிழலாகப் பார்த்துக் கால் வைத்து, ஓட்டமும் நடையுமாக வந்தார். என் பக்கத்தில் இவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அவர் எங்களைக் கடந்து போனார். பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டிகளுக்கு நடுவே அந்தச் சேலை தெரிந்து தெரிந்து மறைந்தது.

இவர் திரும்பி உள்ளே வந்தார். மானிட்டரை எடுத்தார். சர்வரில் செருகினார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. கேட் பாஸ் வந்தது. வண்டிகள் நகர்ந்தன. சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதும், "நீ வூட்டுக்குப் போமா" என்றார். மிஸ்டு கால் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மனைவியின் அம்மா மறுநாள் இறந்துவிட்டார். காரியத்துக்கு இவர் போனார். பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். மனைவி திரும்பி வரவில்லை. அடுத்த வாரத்தில் சர்வர் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு பச்சைப் பொத்தானை அவரே மாட்டினார். அலமாரிகளில் பூட்டு அப்படியே இருந்தது. இன்டர்நெட்டும் மாறவில்லை, "இன்னாத்துக்கு?" என்று கேட்டுத்தான் திறந்தார். மதியச் சாப்பாட்டை மட்டும் கடையில் வாங்க ஆரம்பித்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம், தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "ஒரு தபா என் கூட குப்பத்துக்கு வர்றியாமா? பொம்பள ஒருத்தி கூட இருந்தா அது பேசும்."

போனோம். கடலைப் பார்த்த வீடு. வாசலில் நாலைந்து பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியும் அதில் இருந்தார். வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இவர் நின்றார். மற்ற பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

"அம்மாவப் பாத்தீங்களா அண்ணி, அன்னைக்கு?" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"கண்ணு தொறந்துதாம்மா இருந்துச்சு. பேச்சு வரல. கையப் புடிச்சிக்கிச்சு" என்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். "வூட்டுக்கு வா. பூட்டு கயட்டிட்டேன். புதுசு எதுவும் மாட்டல."

மனைவி உரித்த இறாலைப் பாத்திரத்தில் போட்டார். "பூட்ட கயட்டிட்ட. சரி. நான் எங்கனா போனா, எங்க போன, யார் கூட போனன்னு கேக்காம இருப்பியா?"

இவர் கடலைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று எனக்குள் பதறியது.

"கேப்பேன்" என்றார். "கேக்காம இருக்க எனக்குத் தெரியல."

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கிண்டல் இல்லை அதில். "நெசத்த சொன்ன" என்றார். "குந்து. சாப்ட்டுப் போ."

வாசலிலேயே தட்டு வைத்தார். சோறும் மீன் குழம்பும். இவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். கேட்காமலே இன்னொரு துண்டு மீன் விழுந்தது. நாங்கள் கை கழுவி முடிப்பதற்குள் அவர் மனைவி முகம் கழுவி, வேறு சேலை கட்டி, ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நான் கெளம்பறேன். பாத்துப் போங்க" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, கடலோரமாகத் திருவொற்றியூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அண்ணா என்னருகே நின்றிருந்தார். வாய் திறந்தது. நான் அவர் கையைத் தொட்டேன். அந்த உருவம் படகுகளுக்குப் பின்னால் மறையும்வரை அவர் வாய் திறந்தபடியே இருந்தது. எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை.